நிற்கும்போது மட்டும் கைகொடுக்கும் மருந்து

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. தன்னியக்க நரம்பு மண்டலம் அந்த நொடியிலேயே ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தைக் காக்கிறது. நீண்டகாலச் சர்க்கரை நோய், பார்க்கின்சன் நோய் போன்றவற்றில் இந்த நரம்புகள் பழுதுபட்டால், நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ, அதற்கு மேலுமோ சரியும். கண் இருட்டும், சிலர் விழுந்து எலும்பு முறிப்பார்கள்.

மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் போன்ற வழக்கமான மருந்துகளால் நிற்கும்போது பலன் உண்டு. ஆனால் அவை படுத்திருக்கும்போதும் அழுத்தத்தை ஏற்றிவிடும். இந்த நோயாளிகள் பலருக்குப் படுக்கையில் ஏற்கெனவே அழுத்தம் அதிகம். அதனால் இந்த ஏற்றத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இந்தச் சிக்கலுக்கு வழி தேடி, அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் லோ, வொல்ஃப்காங் சிங்கர் குழுவினர் தசைச் சோர்வு நோய்க்கான பழைய மாத்திரையான பிரிடோஸ்டிக்மினைக் கையில் எடுத்தார்கள். நரம்பு முடிச்சுகளில் செய்தியைக் கடத்துவது அசிட்டைல்கோலின். அதைச் சிதைக்கும் கோலினெஸ்டெரேஸ் நொதியை இம்மருந்து தடுப்பதால் செய்தி வலுவாகக் கடக்கிறது. படுத்திருக்கையில் அந்த வழியில் போக்குவரத்தே குறைவு, நிற்கும்போதுதான் பெருகும். மருந்தின் பலனும் அப்போதுதான் கூடும்.

2003-இல் 15 பேரிடம் செய்த முதல் சோதனை நம்பிக்கை தந்தது. 2006-இல் வெளியான 58 பேர் சோதனையில் ஒவ்வொருவரும் வெவ்வேறு நாட்களில் வெற்று மாத்திரை, 60 மி.கி. பிரிடோஸ்டிக்மின், அதனுடன் 2.5 அல்லது 5 மி.கி. மிடோட்ரின் என நான்கையும் எடுத்தார்கள். எதை எடுத்தார்கள் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நிற்கும்போது கீழ் அழுத்தம் சரிவது, வெற்று மாத்திரையில் 34 புள்ளி. பிரிடோஸ்டிக்மினில் சுமார் 28. படுக்கை அழுத்தமோ ஏறவில்லை. ஆறு புள்ளி சிறிதாகத் தோன்றலாம். விளிம்பில் நிற்பவருக்கு மயங்கி விழுவதற்கும் விழாமலிருப்பதற்கும் இடையே உள்ள தூரம் சில சமயம் அவ்வளவுதான்.

எல்லாருக்கும் இது பலிக்காது. மடையை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் கண்மாயில் நீர் இருந்தால்தான் வயலுக்குப் பாயும். நரம்பில் செய்தியே எழாதபோது மருந்து எதைப் பெருக்கும்? 2010-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் கடுமையான நரம்புச் செயலிழப்புள்ள 31 பேரிடம் சோதித்தபோது யோஹிம்பின் என்ற வேறொரு மருந்து பலித்தது, பிரிடோஸ்டிக்மின் பலிக்கவில்லை. 2017-இல் கொரியாவில் 87 பேரிடம் நடந்த மூன்று மாத ஆய்வில் மிடோட்ரின், பிரிடோஸ்டிக்மின் இரண்டுமே அழுத்தச் சரிவைக் குறைத்தன. தலைச்சுற்றல் போன்ற தொல்லைகளுக்கு மிடோட்ரினே மேல். ஆக, நோய் முற்றாதவர்களுக்கும் படுக்கையில் அழுத்தம் ஏறுபவர்களுக்கும் உரிய மருந்து இது.

வயிற்றுப் பிடிப்பு, பேதி, எச்சில் ஊறல் ஆகியவை பக்கவிளைவுகள். மலச்சிக்கலால் வாடும் சர்க்கரை நோயாளிகளுக்கு இதுவே உதவியாகலாம் என்று ஆதில் பருச்சா குழுவின் ஆய்வு காட்டியது. ஆஸ்துமா, மிகக் குறைந்த நாடித்துடிப்பு, சிறுநீர் அடைப்பு உள்ளவர்களுக்குக் கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் முதியவர்கள் மட்டும் வாழும் இளையாத்தங்குடி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் விழுவது பெரிய ஆபத்து. கண்டறிவதோ எளிது: ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில் மறுமுறை அழுத்தம் பார்த்தால் போதும். சரிவு தெரிந்தால், ரத்த அழுத்தத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் விழுங்கும் மாத்திரைகளை மருத்துவர் முதலில் சரிபார்ப்பார்; போதிய நீர், மெல்ல எழுவது, இறுக்கமான காலுறை ஆகியவற்றுக்குப் பிறகே பிரிடோஸ்டிக்மினுக்கு முறை வரும்.