நினைவட்டையின் கொள்ளளவு

பிலிம் சுருளின் 36 படங்களோடு திருப்தியடைந்த தலைமுறைக்கு, தபால்தலையளவே உள்ள 32 ஜிகாபைட் நினைவட்டையொன்று, படம் ஒன்றுக்குச் சுமார் 10 மெகாபைட் என்று கொண்டால், ஏறக்குறைய 3,000 படங்களைத் தாங்குவது ஆச்சரியமே. ஆயினும் அவ்வெண் நிரந்தரமானதன்று என்பதிலேதான் அதன் ரசம் இருக்கிறது. கனடாவின் ஒஷாவா நகரத்து லேக்வியூ பூங்காவில் நின்று, ஒன்டாரியோ ஏரிக்கு மேலே விரியும் நிர்மலமான ஆகாயத்தை எடுத்தால், ஒரே வர்ணம் பரந்து கிடப்பதால், ஜேபெக் என்னும் படச்சுருக்க முறை அதனைச் சுருக்கமாகவே எழுதி வைத்துவிடுகிறது. அந்நகரின் செகண்ட் மார்ஷ் சதுப்பு நிலத்தின் நாணற்புதர்களையோ, இலையுதிர் காலத்து மேப்பிள் மரங்களையோ எடுத்தாலோ, நுணுக்கமான விவரங்கள் மலிந்திருப்பதால் அதே அட்டையில் இடம் விரைந்து குறைகிறது. ஆகவே காமிரா காட்டும் மிச்சக் கணக்கு ஓர் அனுமானமே. சிருஷ்டியின் சூட்சுமத்துக்கு இயந்திரமும் அதிக இடம் தந்து மரியாதை செய்வது போற்றத்தக்கது.