மண்வெட்டிக்கும் டில்லியின் அனுமதிச் சீட்டு!

அரசியல் சட்டம் வழக்கறிஞர்களுக்கு உரிய நூல் என்றெண்ணி, இளைஞர்களிற் பலர் அதைத் தொடாமலே ஒதுக்கி வைக்கின்றனர். காப்பியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து நயம் காணும் நாம், நம்மை ஆளும் ஏட்டை மட்டும் ஏன் அவ்வாறு படிக்கலாகாது? அதன் ஏழாவது அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஒன்றியத்துக்கு ஒரு பட்டியல். மாநிலத்துக்கு ஒரு பட்டியல். இருவருக்கும் பொதுவென மற்றொரு பட்டியல். 1950இல் அவற்றிலிருந்த இனங்கள் முறையே 97, 66, 47. எண்ணிக்கையே ஒரு கதை சொல்லும். ஆனால், எண்ணிக்கையோடு நின்றால் அது திறனாய்வு ஆகாது. சொற்களை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நிறுப்பதற்குத் தராசு தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், வைகைச் சமவெளியில் கீழடி இருக்கிறது. அங்கே மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தவை செங்கற் கட்டுமானங்கள், உறைகிணறுகள், நூல் நூற்கும் தக்களிகள், பகடைக்காய்கள், தமிழி எழுத்தில் ஆதன், குவிரன் என்று பெயர் பொறித்த பானையோடுகள். உழைத்தவர் புழங்கிய பொருள்கள்! தன் பானையில் தன் பெயரைப் பொறித்த மக்கள்! அந்தப் பெயரைத் தோண்டியெடுக்கும் உரிமை யாருக்கு? அட்டவணையைக் கேட்போம்.

அட்டவணை ஒரு வாயால் பேசவில்லை. மூன்று வாயால் பேசுகிறது. தேசிய முக்கியத்துவம் உடையவை என அறிவிக்கப்பட்ட தொல்லியல் இடங்கள் ஒன்றியப் பட்டியலின் 67ஆம் இனம். அவ்வாறு அறிவிக்கப்படாத பழஞ்சின்னங்கள் மாநிலப் பட்டியலின் 12ஆம் இனம். அறிவிக்கப்படாத தொல்லியல் இடங்களோ பொதுப்பட்டியலின் 40ஆம் இனம். பொதுவென்றால் சரிபாதி என்று பொருள்கொள்ள வேண்டா. இருவர் சட்டமும் மோதினால் ஒன்றியத்தின் சட்டமே நிற்கும் என்கிறது 254ஆம் பிரிவு. குடியரசுத் தலைவரின் இசைவு பெற்றால் மாநிலச் சட்டம் அம்மாநிலத்தளவில் பிழைக்கலாம். அப்போதும் நாடாளுமன்றம் அதை மாற்றலாம், நீக்கலாம். பந்தியில் இலை இரண்டு. கரண்டி ஒருவர் கையில்!

இன்னும் நுணுகிப் பார்ப்போம். தொடக்கத்தில் இருந்த சொற்கள், 'நாடாளுமன்றம் சட்டத்தால் அறிவித்தவை' என்ற பொருளுடையன. 1956இல் ஏழாம் திருத்தம் வந்தது. 'நாடாளுமன்றச் சட்டத்தாலோ, அச்சட்டத்தின் கீழோ அறிவிக்கப்பட்டவை' என்று மூன்று இனங்களும் மாறின. மாறியது ஒரு சிறு சொல், மாறிப்போனது கை. அவையில் விவாதித்துச் செய்ய வேண்டியதை, அரசு அறிவிக்கை ஒன்றால் செய்யலாம் என்றாயிற்று. 1958இல் அதற்கேற்ற சட்டம் பிறந்தது. அதன் 24ஆம் பிரிவைப் படியுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி அல்லாத இடத்திலுங்கூட, ஒன்றிய அரசின் முன் ஒப்புதலின்றி மாநில அரசு அகழாய்வு செய்யலாகாதாம்! தன் நிலத்தில், தன் பணத்தில், தன் அறிஞர்களைக் கொண்டு தோண்டுவதற்கும் சீட்டு வேண்டும்.

சீட்டுக் கொடுக்கும் கை எப்படி நடந்தது? 2014 முதல் 2017 வரை ஒன்றியத் தொல்லியல் துறை மூன்று கட்டமாகக் கீழடியைத் தோண்டியது. முதலிரு கட்டங்களை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2018 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை பணியைத் தொடர்ந்தது. 2019இல் அறிக்கையே வெளியிட்டது. கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 அளவில் என்ற முடிவு உலகுக்குத் தெரிந்தது. அமர்நாத் 2023 சனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையோ, ஈராண்டுக்கு மேல் கிடந்து, 2025 மேயில் திருத்தம் கேட்டுத் திரும்பியது. திருத்தத் தேவையில்லை என்று அவர் விடையெழுதினார். ஆதிச்சநல்லூரில் 2004-05இல் ஒன்றியத் துறை செய்த அகழாய்வின் அறிக்கையும் பத்தாண்டு கடந்தும் அச்சேறாமல் கிடந்ததை மறக்கலாமா?

"கண்டவரெல்லாம் தோண்டினால் சான்று அழியுமே, ஒரே ஒழுங்கு வேண்டாமா?" என்று கேட்பர் சிலர். நியாயமான கேள்வி. ஒழுங்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், ஒழுங்கு வேறு, ஒப்புதல் வேறு. ஒழுங்கு இருவரையும் கட்டும். ஒப்புதல் ஒருவரையே காத்திருக்க வைக்கும். ஜெர்மனியில் 16 மாநிலங்களும் தத்தம் சட்டப்படியே தொல்சின்னங்களைக் காக்கின்றன. அதனால் அங்கே வரலாறு அழிந்துவிடவில்லை, நாடும் உடைந்துவிடவில்லை.

நம் பக்கத்துக்கும் ஒரு சொல். தொன்மை என்றதும் மயங்குவது பகுத்தறிவு ஆகாது. அமர்நாத்தின் அறிக்கையும் ஆய்வுக்கு உட்பட்டதே. நாளை வேறோர் ஆய்வுக்கூடம் வேறோர் ஆண்டைச் சான்றோடு சொன்னால், அதை ஏற்கும் துணிவு நமக்கு வேண்டும். ஆனால், ஏடு வெளிவந்து அறிஞர்கள் மோதிப் பார்த்தால் அது அறிவியல்; அலுவலக அலமாரியில் கிடந்தால் அது அதிகாரம்.

வகுப்பறையில் வரலாறு சொல்லும் நமக்கு இது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. 1976இல் 42ஆம் திருத்தத்தால் கல்வியும் மாநிலப் பட்டியலைவிட்டுப் பொதுப்பட்டியலுக்குப் போயிற்று. தோண்டுவதற்கும் அவர்கள், தோண்டியதைச் சொல்லிக்கொடுப்பதற்கும் அவர்கள் என்றால், பிள்ளைகளுக்கு நாம் எதைச் சொல்வது?

1969இல் அமைந்து 1971இல் அறிக்கை தந்த இராசமன்னார் குழு, எஞ்சிய அதிகாரங்கள் மாநிலங்களுக்கே வேண்டும் என்றது. 2025இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுக்களால் மட்டும் அட்டவணை திருந்தாது; கேட்கும் குரல் வேண்டும். முன் ஒப்புதல் நீங்கட்டும். பொது நெறிமுறை நிற்கட்டும். அறிக்கை அச்சேறக் காலவரை குறிக்கட்டும். 1956இல் நுழைந்த அந்தச் சிறு சொல் வெளியேறட்டும்.

தோழர்களே! கீழடி அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். ஆதன் பெயர் பொறித்த ஓட்டைப் பாருங்கள். வீடு திரும்பியதும் 67, 12, 40 என்ற மூன்று இனங்களையும் படியுங்கள். பானையில் பெயரெழுத ஆதன் எவரிடமும் சீட்டு வாங்கவில்லை!