'தகப்பன்' என்றால் தாய்

நான் பொறியியல்காரன். 'இப்படி இருந்தால் அதைச் செய்' என்று நிபந்தனை எழுதுவது என் அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தோடுதான் நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் குடியுரிமைப் பகுதியைத் திறந்தேன். மூன்று இடங்களில் விரல் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது.

14ஆவது விதி நம்மை இரண்டாம் அட்டவணைக்கு அனுப்புகிறது. அங்கே இரண்டாம் பகுதி நிபந்தனைகளை அடுக்குகிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை என்றால், பிறக்கும்போது தகப்பன் குடிமகனாக இருக்க வேண்டும் என்று இருந்தது. சரி, புரிகிறது. ஆனால் மூன்றாம் பகுதியில், 17ஆவது பிரிவு வேறு சொல்கிறது: பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்திருந்தால், 'தகப்பன்' என்பதைத் 'தாய்' என்று படிக்க வேண்டும்.

நம் இலக்கண நூல்களிலும் புறனடை கடைசியில்தான் வரும். ஆனால் அது விதி விட்டதைச் சேர்த்துக்கொள்ளும். இதுவோ விதி கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. 'தகப்பன்' என்ற சொல்லின் பக்கத்தில் ஒரு கைகாட்டிகூட இல்லை.

2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு முடிந்தது. பிலிப்பைன்ஸில் பிறந்த பிள்ளை. தகப்பன் மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ்காரர். பிள்ளை பிறந்து சில மாதங்கள் கழித்துத்தான் பெற்றோர் திருமணம் செய்தார்கள். ஏழு நீதிபதிகள் அதே வரிகளைப் படித்தார்கள். நான்கு பேர் குடிமகன் இல்லை என்றார்கள், மூன்று பேர் குடிமகன்தான் என்றார்கள்.

வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள் இதே சட்டத்தைக் காட்டிக் கேட்டபோது, 'தகப்பன்' என்றால் தகப்பன் மட்டும்தான் என்று பதில் வந்தது. அதை மாற்றும் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது 2024 அக்டோபர் 17இல்தான்.

விதியையும் விலக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் சட்டம் நியாயமாகிவிடுமா? ஆகாது. ஆனால் 'தகப்பன் குடிமகனாக இருந்தால் போதும், அம்மாவைக் கல்யாணம் செய்யாதவர் என்றால் போதாது' என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுதுகிறவருக்கே கை கூசும். பிரித்து வைத்ததால்தான் அந்தக் கூச்சம் இல்லாமல் போனது.

கிள்ளானில் கோயில் கல்யாணம் முடிந்ததும், 'ரெஜிஸ்டர் அப்புறம் பண்ணிக்கலாம்லா' என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பதியாத கல்யாணம் சட்டத்தின் முன் சிக்கலாகலாம். பெண் வெளிநாட்டுக்காரி என்றால், பிள்ளை இங்கேயே பிறந்தாலும் 17ஆவது பிரிவு குறுக்கே வரலாம். பத்திரிகை வைக்காமலே அதுவும் பந்தலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.