நிறமும் விடையும்: கருத்தாய்வு மென்பொருள்களின் விளக்கப்படங்களில் தோற்ற ஒருமையும் பொருள் ஒருமையும்

ஆய்வுச் சுருக்கம்

கருத்தாய்வு முடிவுகளைப் படங்களாக்கித் தரும் மென்பொருள்கள், நிறத்தை விடையின் பொருளுக்கேற்ப வழங்குவதில்லை. விடை நிற்கும் வரிசைக்கேற்ப வழங்குகின்றன. இதனால் ஒரே ஆய்வேட்டில் ஒரே நிறம் வெவ்வேறு விடைகளைச் சுட்ட நேர்கிறது. படங்கள் ஒன்றுபோல் தோன்றுவது வேறு, ஒன்றுபோல் பொருள் தருவது வேறு என்பதையும், முன்னதைக் காக்கும் வார்ப்புருக்கள் பின்னதைக் காப்பதில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கருத்தாய்வு, விளக்கப்படம், லிக்கர்ட் அளவுகோல், வார்ப்புரு, முன்னமைவு, குறிவிளக்கம்.

முன்னுரை

வினாநிரல் கொண்டு தரவு திரட்டும் ஆய்வுகள் மொழியியல், கல்வியியல் துறைகளில் மட்டுமன்றித் தமிழ்த்துறையிலும் இன்று இடம்பெறுகின்றன. வாசிப்புப் பழக்கம், கலைச்சொல் ஏற்பு, மொழி மனப்பான்மை முதலிய பொருள்களில் ஆய்வு செய்வோர் கூகுள் படிவத்தில் வினாக்களை அமைத்து, இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பி, விடைகள் வந்தபின் படிவமே வரைந்து தரும் படங்களை நகலெடுத்து இயலுக்குள் ஒட்டுகின்றனர். மாதிரி எடுப்பு முறை குறித்தும் வினாநிரலின் நம்பகத்தன்மை குறித்தும் முனைவர் பட்டக் குழுவில் நீண்ட விவாதம் நடக்கிறது. படத்தின் நிறத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அது அழகு சார்ந்தது என்று கருதப்படுவதே காரணம்.

இக்கட்டுரையாளரும் அவ்வாறே கருதியவர்தாம். ஆய்வேட்டின் முதல் வரைவில், பள்ளி ஆசிரியர்களிடம் கலைச்சொற்கள் குறித்துக் கேட்ட இரு வினாக்களுக்கான வட்டப்படங்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்திருந்தன. ஒரு வினாவில் ‘ஆம்’ முதல் விடை. மற்றதில் ‘இல்லை’ முதல் விடை. இரு படங்களிலும் நீலமே பெரும்பகுதி. அவற்றைப் பார்த்த நெறியாளர், இரு வினாக்களுக்கும் ஆசிரியர்கள் ஒரே விடையைத் தந்திருக்க, கீழுள்ள பத்தி மட்டும் அதற்கு முரணாகப் பேசுவது ஏன் என்று வினவினார். பத்தி சரியாகவே இருந்தது. குறிவிளக்கமும் சரியாகவே இருந்தது. ஆயினும் முப்பதாண்டுகளாக ஆய்வேடுகளைப் படித்துவரும் ஒருவர் குறிவிளக்கத்திற்கு முன் நிறத்தையே படித்தார். அவர்மீது பிழை காண இயலாது. படம் என்பதே அவ்வாறு படிக்கப்படுவதற்காக வரையப்படுவது.

வினா வகையே பட வகை ஆதல்

கூகுள் படிவத்தில் வினாவை உள்ளிடும்போது நாம் தேர்ந்தெடுக்கும் வினா வகையே படத்தின் வகையையும் முடிவுசெய்துவிடுகிறது. ஒரே ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் வினா வட்டப்படமாகிறது. பல விடைகளைக் குறிக்க இடமளிக்கும் வினா கிடைப்பட்டைப் படமாகிறது. எண் அளவுகோலாக இட்டால் நெடும்பட்டைகள் வருகின்றன. கூற்றுகளைக் கட்ட அமைப்பில் அடுக்கினால் ஒவ்வொரு கூற்றுக்கும் பட்டைக் கொத்து ஒன்று வருகிறது. ஆகவே ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் உடன்படவில்லை’ வரையிலான ஒரே ஐந்து நிலை அளவுகோல், அதை உள்ளிட்ட முறைக்கேற்ப மூன்று வேறு உருவங்களை எடுக்கிறது. ஆய்வாளர் எண்ணித் தேர்ந்தவை அல்ல இவை. வினாவைத் தட்டச்சு செய்த நாளில் எந்தப் பொத்தான் கைக்கு எளிதாக இருந்ததோ அதன் விளைவு.

வட்டப்படம் இவற்றுள் மிகவும் ஐயத்திற்குரியது. 1984ஆம் ஆண்டு வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, பொதுவான ஓர் அச்சின்மேல் அமையும் இடத்தை ஒப்பிடுவதில் மனிதர் காட்டும் துல்லியம், கோணங்களை ஒப்பிடுவதில் குறைகிறது என்று காட்டியது. அதன்பின் நாற்பதாண்டுகள் ஆகியும் நம் ஆய்வேடுகளில் வட்டப்படம் குறைந்தபாடில்லை. காரணம் எளியது: கேட்காமலே வந்து நிற்கிறது.

வரிசைவழி வரும் நிறம்

கூகுள் வட்டப்படத்தின் முன்னமைவு நிறங்கள், அதாவது நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானே வரும் நிறங்கள், நீலம், சிவப்பு, செம்மஞ்சள், பச்சை, ஊதா என்னும் வரிசையில் அமைகின்றன. ஐந்து நிலை அளவுகோலை இவ்வரிசையில் பொருத்திப் பார்த்தால் நிகழ்வது இது: முற்றிலும் உடன்படுவோர் நீலம், உடன்படுவோர் சிவப்பு, கருத்தில்லாதோர் செம்மஞ்சள், உடன்படாதோர் பச்சை, முற்றிலும் உடன்படாதோர் ஊதா. உடன்பாட்டிற்குச் சிவப்பும் மறுப்பிற்குப் பச்சையும் வழங்கும் இப்படத்தைச் சாலைச் சந்திப்பில் நின்று பழகிய எவரும் தலைகீழாகப் படிக்கவே வாய்ப்பு மிகுதி.

இதைவிட ஆழமான குறை ஒன்றுண்டு. ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் அறிமுகப்படுத்திய அளவுகோல் ஏறுமுகமோ இறங்குமுகமோ உடைய ஒரு வரிசை. ஜாக் பெர்த்தேன் 1967இல் வெளியிட்ட வரைகலைக் குறியியல் நூலில், ஒரே நிறத்தின் வெளிர்மை, அடர்த்தி வேறுபாட்டைக் கண் வரிசையாக உணர்கிறது என்றும், நீலம், சிவப்பு, பச்சை போன்ற நிற வேறுபாட்டை வரிசையாக உணர்வதில்லை என்றும் பிரித்துக் காட்டினார். ஐந்து நிலைகளுக்கு ஐந்து வேறு நிறங்களை இடும் மென்பொருள், வரிசையுடைய விடைகளை ஐந்து ஊர்ப்பெயர்களைப்போல ஆக்கிவிடுகிறது. அளவையியல் இயலில் ‘வரிசை அளவை’ என்று எழுதிய ஆய்வாளரே அடுத்த இயலில் அதை மறுக்கும் படத்தை ஒட்டுகிறார்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இக்குறையை எளிதில் விளக்கலாம். தமிழ்த் தொடரில் பெயர் முன்பின்னாக நின்றாலும் வேற்றுமை உருபு அதன் பொருளைக் காக்கிறது. ‘நூலை மாணவர் படித்தார்’ என்றாலும் ‘மாணவர் நூலைப் படித்தார்’ என்றாலும் படிக்கப்பட்டது நூலே. நிறமும் உருபுபோல விடையோடு ஒட்டியிருக்க வேண்டும். மென்பொருளிலோ முதலிடத்தில் நிற்பது எதுவாயினும் நீலம். வேற்றுமை மயங்குவதற்கேனும் தொல்காப்பியத்தில் தனி இயல் உண்டு; இம்மயக்கத்திற்கு ஓர் அடிக்குறிப்புகூட நம் ஆய்வேடுகளில் இல்லை.

வார்ப்புரு காப்பது எதை?

இதற்குத் தீர்வாக வார்ப்புரு பரிந்துரைக்கப்படுகிறது. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் ஒரு படத்தை விரும்பியவாறு திருத்தி வார்ப்புருவாகச் சேமித்து, பின்வரும் படங்கள் அனைத்திற்கும் பொருத்தலாம். எக்செல்லிலும் அவ்வசதி உண்டு. எழுத்துரு, கோட்டின் தடிமன், பின்புலம், நிற வரிசை ஆகியன எல்லாப் படங்களிலும் ஒன்றாகும். பார்வைக்கு நூல் ஒழுங்குபெறும். இது தோற்ற ஒருமை. இதன் பயனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

ஆனால் வார்ப்புரு காப்பது நிறங்களின் வரிசையையே. நிறத்திற்கும் விடைக்கும் உள்ள உறவை அன்று. எக்செல்லின் சுழல் அட்டவணையில் ஒரு விடையை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை எனில், முன்னமைவின்படி அவ்விடை அட்டவணையிலிருந்தே மறைகிறது. அதற்குப் பின் நின்ற விடைகள் ஓரிடம் முன்னேறி, மறைந்ததன் நிறத்தை அணிந்துகொள்கின்றன. ஊரகப் பள்ளி ஆசிரியர்க்கு ஒரு படமும் நகரப் பள்ளி ஆசிரியர்க்கு ஒரு படமும் அருகருகே இட்டு, ஒன்றில் மட்டும் ‘கருத்தில்லை’ என்பார் இல்லாதபோது, ஒப்பீடே பிழைபடுகிறது. இரு படங்களும் ஒரே வார்ப்புருவில் அமைந்தமையால் ஐயமும் எழுவதில்லை. ஒழுங்கற்ற படம் வாசகரைக் குறிவிளக்கத்தைப் பார்க்கத் தூண்டும். ஒழுங்கான படம் நம்பிக்கையை ஊட்டிவிடுகிறது. தோற்ற ஒருமை மட்டும் உள்ள இடத்தில் பிழை மேலும் ஆழமாக ஒளிகிறது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

பொருள் ஒருமைக்கு வழி இல்லாமல் இல்லை. ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 தொகுப்பில் நிறங்களை வெறும் வரிசையாகத் தராமல் விடையின் பெயரோடு இணைத்துத் தரலாம். அவ்வாறு தந்தால் ஒரு விடை மறைந்தாலும் ஏனையவற்றின் நிறம் மாறுவதில்லை. இத்தொகுப்பிற்கு அடித்தளம் லீலண்ட் வில்கின்சன் 1999இல் வெளியிட்ட ‘வரைகலையின் இலக்கணம்’ என்னும் பொருளுடைய நூல். வில்கின்சன் எஸ்.பி.எஸ்.எஸ். நிறுவனத்தில் பணியாற்றியவர், அம்மென்பொருளின் வரைகலை மொழியும் அவருடைய கோட்பாட்டின்வழி வந்ததே. இலக்கணம் மென்பொருளுக்குள் இருக்கிறது. நாம் திறக்கும் முன்பக்கத்தில்தான் இல்லை.

கணினிக்கு முந்திய காலத்தில் இப்பொறுப்பு ஒரு மனிதரிடம் இருந்தது. ஆட்டோ நியூராத் 1925இல் வியன்னாவில் தொடங்கிய சமூகப் பொருளியல் அருங்காட்சியகத்தில் புள்ளிவிவரத்திற்கும் ஓவியருக்கும் இடையில் ‘உருமாற்றுநர்’ என்னும் பணி இருந்தது. பின்னாளில் மேரி நியூராத் என அறியப்பட்ட மேரி ரைடமைஸ்டர் அப்பணியைச் செய்தார். எத்தரவு எவ்வடிவம் பெறும், எக்குறி எதைச் சுட்டும் என்பதை முடிவுசெய்வது அவர் வேலை. அளவு கூடினால் குறியைப் பெரிதாக்காமல் அதே குறியை மிகுதியாக இடுவது அவர்கள் கொண்ட விதி. இன்று அவ்விருக்கையில் அமர்ந்திருப்பது முன்னமைவு.

எதிர்மறைக் கூற்றுகள்

பொருள் ஒருமை என்பதும் எளிய விதியன்று. மனப்பான்மை அளவுகோல்களில் ‘கலைச்சொற்களைத் தமிழில் கற்பிப்பது எளிது’ என்னும் கூற்றோடு ‘தமிழ்க் கலைச்சொற்கள் மாணவரைக் குழப்புகின்றன’ என்பது போன்ற எதிர்மறைக் கூற்றும் இடம்பெறும். மதிப்பெண் கணக்கிடும்போது பின்னதைத் தலைகீழாக்குகிறோம். படத்தில் நிறம் எதனைப் பின்தொடர வேண்டும்? ‘உடன்படுகிறேன்’ என்னும் சொல்லையா, தமிழ்க் கலைச்சொற்களுக்குச் சார்பான மனநிலையையா? சொல்லைப் பின்தொடர்ந்தால், முதல் கூற்றில் சார்பைக் காட்டிய அடர்நீலம் இரண்டாம் கூற்றில் எதிர்ப்பைக் காட்டும். மனநிலையைப் பின்தொடர்ந்தால், ஒரே பக்கத்தில் இரு குறிவிளக்கங்கள் தேவைப்படும்.

கூற்றுவாரியான படங்களில் தகவலாளர் கூறிய சொல்லையே நிறம் பின்தொடர்வதும், எதிர்மறைக் கூற்றுகளைத் தனித்தொகுதியாகப் பிரித்துத் தலைப்பிடுவதும் நேர்மையானவை. தலைகீழாக்கிய மதிப்பெண்களுக்கு முற்றிலும் வேறான நிறக்குடும்பம் வேண்டும். தகவலாளர் சொன்னதும் ஆய்வாளர் கணக்கிட்டதும் ஒரே நிறத்தில் வரலாகாது. நடுநிலை விடையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஹைபெர்கரும் ராபின்சும் 2014இல் விளக்கிய, நடுக்கோட்டின் இருபுறமும் விரியும் அடுக்குப்பட்டைப் படம் லிக்கர்ட் தரவுக்கு மிகப் பொருத்தமானது. ஆயினும் அதில் நடுநிலையாளர் கோட்டின் இருபுறமும் பாதிபாதியாகப் பகுக்கப்படுகின்றனர். கருத்தில்லை என்றவரைப் பாதி உடன்பட்டவராக்க நமக்கு உரிமை இல்லை. அவர்களைச் சாம்பல் நிறத்தில் ஓரத்தில் தனிப்பட்டையாக நிறுத்துவதே தகும்.

தமிழ் எழுத்தும் அச்சுப்படியும்

தமிழில் படம் வரைவோர்க்குரிய இடர்கள் சில உள. ‘முற்றிலும் உடன்படவில்லை’ என்பது குறிவிளக்கத்தின் குறுகிய இடத்தில் அடங்காமல் ‘முற்றிலும் உட…’ என நறுக்கப்படும்போது அளவுகோலின் இரு முனைகளும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. பைத்தானின் மேட்பிளாட்லிப் தொகுப்பு நெடுங்காலம் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் மெய்க்கு முன் இடாமல் பின்னால் இட்டுவந்தது. இவற்றுக்கு அஞ்சிப் படத்தில் மட்டும் ஆங்கில விடைகளை இடுவோர் உளர். அவ்வாறாயின் தகவலாளர் படித்த சொல் ஒன்று, வாசகர் படிக்கும் சொல் மற்றொன்று.

அச்சுப்படியோ எல்லாவற்றையும் சாம்பலாக்குகிறது. தேர்வாளர்க்கு வண்ணப்படி செல்லலாம். நூலகத்திலிருந்து நகலெடுத்துச் செல்லும் மாணவர்க்குக் கறுப்பு வெள்ளையே. மேற்கூறிய முன்னமைவு நிறங்களுள் நீலம், சிவப்பு, பச்சை மூன்றும் ஒளி அளவில் ஏறத்தாழச் சமமானவை. நகலில் முற்றிலும் உடன்பட்டவர், உடன்பட்டவர், உடன்படாதவர் மூவரும் ஒரே சாம்பலில் கலக்கின்றனர். சிவப்பு, பச்சை வேறுபாட்டை உணர இயலாதோர்க்கு வண்ணப்படியும் ஏறக்குறைய இந்நிலையே. உடன்பாட்டிற்கு ஒரு நிறத்தின் இரு அடர்த்தி, மறுப்பிற்கு மற்றொரு நிறத்தின் இரு அடர்த்தி, அவற்றோடு பட்டையின்மேலேயே முழுச்சொல்லும் விழுக்காடும் என அமைத்தால் நகலிலும் படம் பிழைக்கும்.

வினாநிரலைப் பின்னிணைப்பாக இணைக்குமாறு முனைவர் பட்டக் குழு கேட்கிறது. எவ்விடைக்கு எந்நிறம், எதிர்மறைக் கூற்றுக்கு என்ன விதி, விடையே வராத நிலைக்கு என்ன ஏற்பாடு என்பவற்றை எழுத அதே பின்னிணைப்பில் ஒரு பக்கம் போதும். அப்பக்கம் தரவு திரட்டும் முன்பே, வினாநிரலோடு சேர்த்தே குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். படங்களைப் பார்த்தபின் நிறத்தைத் தேர்வது, விடைகளைப் பார்த்தபின் கருதுகோளை எழுதுவதற்கு ஒப்பானது.