சமரசம்: ஒரு வார்த்தை, இரண்டு அர்த்தங்கள்

சிறுபத்திரிகைக்காரன் ஒரு எழுத்தாளனை உயர்த்திச் சொல்ல வேண்டுமென்றால் 'சமரசம் செய்துகொள்ளாதவன்' என்கிறான். மதங்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் அதே ஆள் சமரசம் வேண்டும் என்கிறான். வள்ளலார் 1865இல் தம் சங்கத்துக்குப் பெயர் வைத்தபோது இந்தச் சொல்லில் விட்டுக்கொடுத்தல் என்ற பொருள் இல்லை. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தற்செயலாக ஒட்டிக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

சர்வமத மேடைகளில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன என்று மூவரும் சொல்வார்கள். அப்படியானால் ஒன்று போதுமே, மூன்று எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேலிக்காகச் சொல்லவில்லை. கலவரம் நடந்த ஊரில் மறுநாள் அந்த மூவரும் சேர்ந்து தெருவில் நடந்தால் கடைகள் திறக்கின்றன. அது பெரிய காரியம். இலக்கியத்துக்குள்ளும் அதே மேடையைப் போட்டு நாற்காலி பரப்புவதில்தான் என் ஆட்சேபம்.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதியவர். பஞ்ச காலத்தில் தம் சொத்தைச் செலவழித்து ஜனங்களுக்குச் சோறு போட்டவர். அதற்காக கோபாலகிருஷ்ண பாரதி அவர்மேல் கீர்த்தனை பாடியிருக்கிறார். மனிதரைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கீர்த்தனைகளின் கடவுளுக்கு முகம் கிடையாது. சிலுவையும் இல்லை, சுடலையும் இல்லை. யாரையும் உறுத்தக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனதில் மிஞ்சியது ஒரு நல்லெண்ணம். அதை ராகம் தாங்கிக்கொள்கிறது, வார்த்தை தாங்கவில்லை.

இதற்கு எதிர்த் திசையில் உமறுப்புலவர். எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் பாடம் கேட்டவர். நபிகளின் வரலாற்றைக் காப்பியமாக்க, விவரங்கள் கேட்டு சதக்கத்துல்லா அப்பாவிடம் போனபோது, இவருடைய இந்துப் புலவர் வேஷத்தைப் பார்த்து அவர் முதலில் மறுத்துவிட்டார் என்று வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அந்நியன் வாசலில் அல்ல, சொந்த வீட்டு வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஆள். சீறாப்புராணத்தைப் படிக்கும்போது இந்தக் கதை மனசை விட்டுப் போவதில்லை.

நாட்டுப் படலத்தில் மழை பெய்து, ஆறு குறிஞ்சியிலிருந்து இறங்கி, மருதத்துக்கு வந்து வயலில் பாய்கிறது. இடம் அரேபியா. அங்கே நெல் விளையுமா என்று சிரிப்பது சுலபம். கம்பனின் சரயு மட்டும் அயோத்தியிலா ஓடியது? காவிரிக்கரைக்காரன் கண்ட ஆறு அது. நாட்டுக்கு ஆறும் வயலும் வேண்டும் என்பது காப்பியத்தின் சட்டம். உமறு அதற்கு முழுசாகக் கட்டுப்படுகிறார். ஆனால் தம் தீனில் ஒரு துளியையும் கரைத்து நீர்க்கச் செய்யவில்லை. நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று காண்டங்களுக்குப் பெயர் வைக்கிறார். விக்கிரக வழிபாட்டை நிராகரிக்கும் கதையை, தெய்வ உருவங்கள் மொய்க்கும் ஒரு காப்பிய மரபில் உட்கார்ந்து சொல்கிறார். இரண்டு தரப்பும் முழு உருவத்தோடு நேருக்கு நேர் நிற்கின்றன. உரையாடல் என்று நான் சொல்வது இந்த நிலைமையைத்தான். பாடப்புத்தகக்காரர்களோ திரும்பத் திரும்ப மானுக்குப் பிணை நின்ற படலத்தையே எடுக்கிறார்கள். ஜீவகாருண்யம் யாரையும் உறுத்தாது அல்லவா?

தேம்பாவணி எழுதிய பெஸ்கிக்கு நல்லிணக்க நோக்கமே கிடையாது. மதம் மாற்ற வந்த சேசுசபைப் பாதிரி. ஆனாலும் சூசையப்பரை வளனாக்கி 3615 பாடல்கள் எழுதுவதற்கு, சிந்தாமணியும் கம்பனும் அவருக்குள் குடியேற இடம் விட வேண்டியிருந்தது.

வேறு தளத்திலிருந்து ஒரு விஷயம். நான் வேலை பார்க்கும் வங்கியில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு முதியவர் கவுண்டருக்கு வந்து, கணக்கில் எவ்வளவு வட்டி ஏறியிருக்கிறது என்று கேட்பார். அந்தத் தொகையை மட்டும் தனியாக எடுத்து யாருக்காவது கொடுத்துவிடுவார். வட்டி அவருக்கு ஆகாது. எனக்குச் சம்பளமே வட்டியிலிருந்துதான் வருகிறது. இது இருவருக்கும் தெரியும். எல்லாம் ஒன்றுதான் என்று நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. "எவ்வளவு தம்பி?" என்பார், பைசா சுத்தமாகச் சொல்வேன்.

நவீனக் கதைகளில் வந்த 'பாய்'க்கு இந்த உறுதி அனுமதிக்கப்படவில்லை. பெருநாளுக்குப் பிரியாணி அனுப்புவார், கலவரத்தில் யாரையாவது காப்பாற்றுவார், அதோடு சரி. அவருக்குப் பேராசை, பொறாமை, நம்பிக்கையில் சந்தேகம் எதுவும் கிடையாது. 1988இல் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' வந்து அகமதுக்கண்ணு முதலாளியைக் காட்டியது. அவருடைய ஆணவம், ஊரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதற்கு எதிர்ப்பு எல்லாம் அரபும் மலையாளமும் கலந்த கடற்கரைத் தமிழில் பதிவாயின. நல்லிணக்கப் பிரசங்கம் செய்யாமலே அந்த நாவல் அந்நிய வாசகனை வீட்டுக்குள் கூட்டிப் போய்விட்டது. பின்னால், 2004இல், சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' இன்னும் உள்ளறை வரை போனது.

மீரானைப் பற்றி நாம் விமர்சனம் எழுதுகிறோம். உமறுவை மாநாட்டு மலர்களுக்கு விட்டுவிட்டோம். அங்கே அவருக்குக் கிடைப்பது பாராட்டு ஒன்றுதான். ஹிஜ்ரத்துக் காண்டத்தின் போர்ப் பகுதிகளில் விருத்தம் ஒரே வார்ப்பில் விழுந்துகொண்டே போவது எனக்கு அலுப்பாக இருந்தது. கம்பனின் யுத்த காண்டத்தைப் பற்றி இப்படி ஒரு வரி எழுத நம்மில் யாரும் தயங்கமாட்டோம். உமறுவிடம் மட்டும் ஏன் இந்த மரியாதை?