இரும்பின் பளபளப்பும் இரும்பின் சத்தமும்

ஆர்தர் மன்னனையும் அவனது வட்டமேசை வீரர்களையும் பற்றி வந்த திரைப்படங்களுள் ஜோன் பூர்மனின் 'எக்ஸ்காலிபர்' (1981) தான் சிறந்தது என நீண்டகாலம் சொல்லித் திரிந்தவன் நான். ரொபேர் பிரெஸ்ஸோனின் 'லான்சலட் து லாக்' (1974) படத்தை முதன்முறை பாதியிலேயே நிறுத்திவிட்டேன். தொழில்முறை நடிகர்களைத் தவிர்ப்பது அவரது கொள்கை எனத் தெரிந்திருந்தும், எவரும் நடிக்கவில்லையே என்பது எனது முறைப்பாடாக இருந்தது. அண்மையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது என் தீர்ப்புத் தலைகீழானது.

15ஆம் நூற்றாண்டில் தோமஸ் மலோரி எழுதிய நூலையே பூர்மன் எடுத்துக்கொள்கிறார். தந்தை ஊத்தரின் காலந்தொட்டு ஆர்தரின் மரணம் வரை எல்லாம் 2 மணி 20 நிமிடங்களுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. மாயத்தால் உருமாறி இன்னொருவன் மனைவியைச் சேரும் ஊத்தர், அப்போதுகூடக் கவசத்தைக் கழற்றுவதில்லை. அருவருப்பூட்டவே அவ்வாறு எடுத்திருக்கிறார் என நினைக்கிறேன். ஆனால், போகப்போக இரும்பின் அழகில் படமே மயங்கிவிடுகிறது. ஆர்தர் புனிதக் கிண்ணத்தில் பருகி எழுந்து வீரர்களோடு குதிரையில் விரைகையில் வழியெங்கும் மரங்கள் பூக்கின்றன. போருக்குப் போகிறவர்களுக்காகப் பூக்கும் மரங்கள்!

பிரெஸ்ஸோனிடம் அதே கவசம் வெறும் சத்தம். கூடாரத்துக்குள் நாலடி வைத்தாலும் கடகடக்கிறது. மேர்லினின் மாயமில்லை; புனிதக் கிண்ணத்தைத் தேடிப் போனவர்கள் படத்தின் தொடக்கத்திலேயே வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார்கள். ஈட்டிப் போட்டியில் கமரா குதிரைக் கால்களையே பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்கிறது. வென்றவனின் முகம் நமக்குக் கிடைப்பதில்லை.

என்னை மாற்றியது அரசி கினிவியர் லான்சலட்டிடம் பேசும் இடம். கொன்றீர்கள், கொள்ளையிட்டீர்கள், பின்னர் ஒருவரையொருவர் தாக்கினீர்கள். இறைவன் என்ன, வென்று வீட்டுக்குக் கொண்டுவரும் பொருளா என்ற கருத்தில் அவள் கேட்கிறாள். குரல் உயரவேயில்லை. பூர்மனின் கினிவியரோ மடத்தில் வாளைப் பாதுகாத்திருந்து ஆர்தரிடமே திருப்பிக் கொடுக்கிறாள்.

எனினும் பூர்மனிடம் ஓரிடம் உண்டு. வாளை நீரில் எறியும்படி சாகுந்தறுவாயில் ஆர்தர் பணிக்க, பெர்சிவல் முதல் தடவை எறிய மனம்வராமல் திரும்பி வருகிறான். மலோரியில் இதைச் செய்பவன் பெடிவியர். அழகான ஆயுதத்தை விட முடியாத அந்தத் தயக்கத்தில் பூர்மன் தன் படத்தையே கண்டுகொண்டார் போலும்.

பிரெஸ்ஸோனின் முடிவில் எறிவதற்கென்று ஒரு வாளில்லை. மரங்களில் மறைந்திருப்போர் அம்பெய்கிறார்கள். ஆளில்லாத குதிரையொன்று காட்டுக்குள் ஓடுகிறது. கவசக் குவியலின் மேல் லான்சலட் சரிகிறான்; அப்போதும் அந்தச் சத்தந்தான்.