வரவேற்பா, வரிசையா?

பத்திரிகையில் அச்சடிப்பது என்னவோ 'வரவேற்பு' என்றுதான். மண்டபத்துக்குள் போனால் நடப்பது ரேஷன் கடை. மேடையின் இடதுபக்கப் படியில் ஆரம்பிக்கிற வரிசை, மொய் எழுதுகிறவர் மேஜையைத் தாண்டி, ஐஸ்க்ரீம் ஸ்டாலைத் தாண்டி, வாசல் பிள்ளையார் வரைக்கும் வந்து நிற்கிறது. கையில் கவர், முகத்தில் சிரிப்பு, கண் மட்டும் கடிகாரத்தில்.

கல்யாணச் சாப்பாட்டைக் குறை சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சாம்பாரில் உப்பு கம்மி என்பதை மூணு தலைமுறைக்கு ஞாபகம் வைத்திருப்பார்கள். இந்த வரிசையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சரி, நான் திறக்கிறேன்.

நான் படித்தது பி.காம். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிப்போம். 800 பேர் வருகிற ரிசப்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாலு பேராக மேடை ஏறினால் 200 கோஷ்டி. மாலை 6.30 முதல் 9.30 வரை மூன்று மணி நேரம். வகுத்துப் பாருங்கள், ஒரு கோஷ்டிக்கு 54 வினாடி. படி ஏறுவது, கவரைக் கொடுப்பது, "கொஞ்சம் உள்ள வாங்க சார்" என்று போட்டோகிராபர் நெருக்கித் தள்ளுவது எல்லாம் இந்த 54 வினாடிக்குள்தான்.

இதுவும் எல்லோரும் சீராக வந்தால்தான். யார் அப்படி வருகிறார்கள்? ஆபீஸ் முடித்து, டிராபிக்கில் நீந்தி, ஏழு மணிக்கு மேல் மொத்தமாக வருவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் 150 கோஷ்டி வந்தால், மேடை அனுப்பிவைப்பது 100 கோஷ்டியைத்தான். பாக்கி 50 கோஷ்டி வரிசையில். கடைசியில் நிற்பவர் மேடை ஏற 45 நிமிஷம் ஆகும். யாருடைய தப்பும் இல்லை. ஒரே ஒரு கவுன்ட்டர் வைத்துக் கடை நடத்தினால் இப்படித்தான் ஆகும்.

இது எப்படி வந்தது? அந்தக் காலத்தில் முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ரிசப்ஷன் என்று ஒன்று வைத்தால், தாலி கட்டிய அன்று மாலை. முஸ்லிம் வீடுகளில் இன்றும் நிக்காஹ் முடிந்த பிறகுதான் வலீமா விருந்து. கிறிஸ்தவர்களுக்கும் சர்ச்சில் கல்யாணம் முடிந்த பிறகுதான் ரிசப்ஷன். நம் இந்துக் கல்யாணங்களில் பலவற்றில் மட்டும் அது முதல் நாளுக்கு நகர்ந்துவிட்டது. காரணம் சாஸ்திரம் இல்லை, சிக்கனம். மண்டபத்தை முதல் நாள் மதியத்திலிருந்து எடுத்தாயிற்று, முகூர்த்தம் முடிந்து சாயங்காலமும் வேண்டும் என்றால் வாடகை ஏறும். போதாக்குறைக்கு, காலை முகூர்த்தத்துக்கு எல்லோராலும் லீவு போட முடியாது.

சிக்கனம் தப்பில்லை. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது கல்யாணப் பெண்ணும் பிள்ளையும். ராத்திரி பத்து மணி வரை கனத்த பட்டிலும் கோட்டிலும் போக்கஸ் லைட்டில் நிற்கிறார்கள். 800 பேர் சாப்பிட்ட பிறகு ஆறிப்போன இலையில் உட்காருகிறார்கள். விடியற்காலை நாலரை, ஆறு முகூர்த்தம் என்றால் மூணு மணிக்கே எழுப்பிவிடுவார்கள். வாழ்க்கையின் முக்கியமான அந்த நிமிஷத்தில் அவர்கள் கண் கலங்குவது உணர்ச்சியாலா, ஹோமப் புகையாலா, தூக்கத்தாலா என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு ஆளும் விலை கொடுக்கிறார். திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெரியம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பெண்ணைக் கைக்குழந்தையில் குளிப்பாட்டியவர். மூட்டு வலி, வரிசையில் நிற்க முடியாது. "நீங்க மொதல்ல சாப்ட்டுருங்க பெரியம்மா" என்று யாரோ பந்திக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவர் ரசத்துக்கு வருவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்றாயிற்று. அவசரமாக எழுந்து வந்து பார்த்தால் வரிசை இன்னும் நீளம். ஊருக்குப் போகும் பஸ்ஸை விட முடியாது. தாம்பூலப் பையோடு கிளம்பிவிடுகிறார். பெண்ணை அவர் பார்த்தது எல்.இ.டி. திரையில்தான்.

அதே நேரத்தில் ஒரு வி.ஐ.பி. வருகிறார். வரிசை நிறுத்தப்படுகிறது. வலதுபக்கப் படியில் அவரை ஏற்றி, மாலை போட்டு, வேறு வேறு கோணத்தில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். ஆக, வலதுபக்கம் ஒரு படி இருக்கிறது. யாருக்காக அது திறக்கிறது என்பதுதான் கேள்வி.

அழைக்கப்பட்டவர்கள் கூட்டம் சேர்க்க வந்தவர்கள் இல்லை, சாட்சிகள். 1967-ல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணத்துக்கு அங்கீகாரம் தந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை அல்லது மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். கல்யாணம் என்பது ஆட்டம் பாட்டத்துக்கும் விருந்துக்குமான நிகழ்ச்சி அல்ல என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் சொன்னது. எந்தச் சட்டத்திலும் எல்.இ.டி. திரை இல்லை. பெரியம்மாவுக்கு இடம் இருக்கிறது!

ரிசப்ஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. சில மாறுதல்கள் போதும். பத்திரிகையில் எல்லோருக்கும் ஒரே நேரம் போடாதீர்கள். சொந்தக்காரர்களை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள், ஆபீஸ் நண்பர்களை எட்டு மணிக்கு. ஏழரைக்கு இருபது நிமிஷம் இடைவேளை விட்டு மணமக்களைச் சாப்பிட வையுங்கள். பிறகு அரை மணி நேரம் அவர்கள் மேடையை விட்டு இறங்கி, நாற்காலி நாற்காலியாகப் போய்ப் பெரியவர்களிடம் பேசட்டும். போட்டோகிராபர் பின்னால் போவார், அவருக்கும் கால் இருக்கிறது. லைட் மியூசிக்கின் சத்தத்தைக் குறையுங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் சித்தப்பாவா மாமாவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவாவது முடியும்.

விருந்தாளிகளுக்கும் ஒரு வார்த்தை. சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்காதீர்கள். ஆபீஸே திரண்டு மேடை ஏறி, மொபைலிலும் தனித்தனியாக செல்பி எடுக்காதீர்கள். கீழே 50 கோஷ்டி நிற்கிறது.

பெண்ணைப் பெற்றவர் இலைக்கு 500 ரூபாய் என்று பேசியிருந்தால், 800 இலைக்கு நாலு லட்சம். அதில் பாதி கடனாகக்கூட இருக்கும். அவ்வளவு செலவழித்துக் கூப்பிட்டவர்களில் யாரும் முகம் பார்க்காமல் திரும்பிப் போகக்கூடாது. அதனால் அடுத்த பத்திரிகையில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்கு மேலே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'பெரியவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம். அவர்களுக்கு வலதுபக்கப் படி.'

கூடுதல் செலவு? ஒரு வரி அச்சுக்கூலி.